எல்.இ.டி. பல்பைப் பிரித்துப் பார்த்து வாங்கப் பழகுவோம்

எரியாமல் போன 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று வீட்டில் கிடந்தால் எடுத்து வையுங்கள். ஹோல்டரிலிருந்து கழற்றி ஒரு நாளாவது ஆகியிருக்கட்டும். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் மின்சாரம் கொஞ்சநேரம் தங்கும். பிரித்த பல்பை மறுபடி ஹோல்டரில் மாட்டக் கூடாது.

படி 1: மூடியைக் கழற்றுங்கள்

வெள்ளை பிளாஸ்டிக் மூடியின் விளிம்பில் தட்டை ஸ்க்ரூடிரைவரை நுழைத்து மெல்ல நெம்பினால் கழன்றுவிடும். உள்ளே வட்டமான அலுமினியத் தகடு, அதன்மேல் சின்னச் சின்ன மஞ்சள் சதுரங்கள். ஒவ்வொரு மஞ்சள் பூச்சுக்கும் அடியில் இருப்பது நீல ஒளி தரும் டையோடு.

காலியம் நைட்ரைடு என்ற குறைக்கடத்தியால் (செமிகண்டக்டர்) ஆன அந்த டையோடில் இரண்டு வகை அடுக்குகள் சேரும் இடம் ஒன்று உண்டு. மின்சாரம் பாயும்போது ஒரு பக்கத்து எலக்ட்ரான்கள் மறுபக்கத்துத் துளைகளோடு, அதாவது எலக்ட்ரான் இல்லாத காலி இடங்களோடு, அங்கே சேர்கின்றன. அப்போது வெளிப்படும் ஆற்றல்தான் ஒளி. குண்டு பல்பில் இழை பழுக்கக் காய்ந்தால்தான் வெளிச்சம். இங்கே அந்த வேலையே இல்லை. நீல ஒளியில் ஒரு பங்கை மஞ்சள் பூச்சு மஞ்சளாக மாற்றுகிறது. இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளை.

சிவப்பு எல்.இ.டி. 1962-லேயே வந்துவிட்டது. பளிச்சென்ற நீலத்துக்கு 1990கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைச் சாத்தியமாக்கிய அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது.

படி 2: எது செத்தது என்று பாருங்கள்

ஏதாவது ஒரு சதுரத்தின் நடுவில் கரும்புள்ளி தெரிகிறதா? அதுதான் போனது. கோயில் திருவிழா சீரியல் செட் மாதிரி வரிசையாக இணைத்திருப்பதால் ஒன்று போனால் மொத்தமும் அணையும். எல்லாச் சதுரமும் சுத்தமாக இருந்தால் சந்தேகம் அடியில் இருக்கும் டிரைவர் மேல். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை (ஏ.சி.) நேர்திசை மின்சாரமாக்கி (டி.சி.) அளவாக அனுப்புவது அதன் வேலை.

இரண்டுக்கும் எமன் சூடுதான். 'எல்.இ.டி. சூடாகாது' என்பது பாதி உண்மை. குண்டு பல்பு அளவுக்கு இல்லை, ஆனாலும் டையோடின் முதுகுப்பக்கம் சூடேறும். அதை வெளியே கடத்தத்தான் அந்த அலுமினியம். காற்றே போகாத கண்ணாடிக் கூண்டுக்குள் போட்டுவிட்டு, அட்டையில் 25,000 மணி நேரம் என்று எழுதியிருந்ததே என்று கடைக்காரரிடம் சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

படி 3: லூமென் பார்த்து வாங்குங்கள்

வாட் என்பது பல்பு குடிக்கும் மின்சாரம், லூமென் என்பது தரும் வெளிச்சம். பழைய 60 வாட் குண்டு பல்பு தந்தது ஏறக்குறைய 800 லூமென். நல்ல 9 வாட் எல்.இ.டி. அதைத் தாராளமாகத் தரும். அட்டையில் இருக்கும் கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறம்: எண் குறைந்தால் மஞ்சள் சாயல், கூடினால் நீலச் சாயல். படுக்கையறைக்கு 3000 கெல்வின், படிக்கிற மேசைக்கு 4000 போதும். நம் ஊர்க் கடைகளில் கேட்காமலே எடுத்துக் கொடுக்கும் 6500 கெல்வின் நீல வெள்ளை, ராத்திரி நேரத்துக்கு ஆகாது என்பது என் கட்சி.

படி 4: கணக்குப் போடுங்கள்

தினம் 5 மணி நேரம் எரிந்தால் 60 வாட் பல்புக்கு வருடத்துக்குச் சுமார் 110 யூனிட். 9 வாட்டுக்கு 16 யூனிட் சொச்சம். ஒரே பல்பில் 93 யூனிட் மிச்சம். நிலக்கரியை நம்பியிருக்கும் நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. அப்படிப் பார்த்தால் வருடம் 65 கிலோ குறையும். சும்மா எரியும் நான்கு எல்.இ.டி. பல்பு இந்த மிச்சத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடும்.

படி 5: வெளிவிளக்கைக் கீழ்நோக்கித் திருப்புங்கள்

கடலோர வீடு என்றால் இது கட்டாயம். சென்னைக் கடற்கரையில் பொரிந்து வரும் பங்குனி ஆமைக் குஞ்சுகள் வெளிச்சமான திசைதான் கடல் என்று நம்பி நடப்பவை. மொட்டைமாடி ஃப்ளட் லைட் பளீரென்று எரிந்தால் ரோட்டுப் பக்கம் வந்து சேரும். குஞ்சு பொரிக்கும் சீசனில் அணைத்துவிடுங்கள்.

படி 6: கழித்ததைக் குப்பையில் போடாதீர்கள்

எல்.இ.டி.யில் பாதரசம் கிடையாது, ஆனாலும் அது மின்கழிவு. கழற்றிய பழைய வகை ட்யூப் லைட்டிலும் சி.எஃப்.எல்.லிலும் பாதரசம் உண்டு. உடையாமல் அட்டையில் சுற்றி மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். கைதவறி உடைந்துவிட்டால் விளக்குமாறு வேண்டாம், வேக்குவம் கிளீனரும் வேண்டாம். ஜன்னலைத் திறந்துவிட்டு, கொஞ்சநேரம் கழித்துக் கெட்டி அட்டையால் அள்ளி, மூடி போட்ட பாட்டிலில் அடையுங்கள்.