ஒரே ஃபைபர் படகில் இரண்டு எக்கோ: ஒன்றை ஒன்று கெடுக்காமல் பொருத்துவது எப்படி?

அமரத்தில் (படகின் பின்பக்கம்) எஞ்சின் பிடிப்பவருக்கு ஒரு எக்கோ, அதாவது ஒலி அனுப்பி அதன் எதிரொலியை வைத்து ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர்; அணியத்தில் (முன்பக்கம்) தூண்டில் போடுபவருக்கு இன்னொன்று. பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) கலவா, விளமீன் பிடிக்கப் போகிறவர்களுக்கு இது நிஜமாகவே கைகொடுக்கும். ஆனால் இரண்டையும் ஒரே அலைவரிசையில் ஓடவிட்டால் திரையில் சாய்ந்த கோடுகளும் புள்ளிகளும் ஓடும். ஒன்று அனுப்பும் ஒலியை மற்றது தன் எதிரொலி என்று எடுத்துக்கொள்வதுதான் காரணம்.

1. வேலையைப் பிரியுங்கள்

இதை முடிவு செய்யாமல் கருவி வாங்கவே போகாதீர்கள். 50 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஆழமாக இறங்கும், அகலமாக விரியும். 200 கிலோஹெர்ட்ஸ் அவ்வளவு ஆழம் போகாது, ஆனால் நுணுக்கமாகக் காட்டும். ஒலிக்கதிர் விரியும் கோணம் மாடலுக்கு மாடல் மாறும். 15 பாகம் தண்ணீரில், அதாவது சுமார் 27 மீட்டரில், 40 டிகிரி கதிர் கடலடியில் ஏறக்குறைய 20 மீட்டர் அகலத்தைத் தொடும். 20 டிகிரி கதிர் அதில் பாதியைத்தான் தொடும்.

பாரைத் தேட அகலக் கதிர் நல்லது. ஆனால் பாரின் உச்சியில் பட்டு முதலில் திரும்பும் எதிரொலியையே அது தரை என்று வரைந்துவிடும். பக்கத்துச் சரிவில் ஒட்டிக் கிடக்கும் கலவா அதற்குள் மறைந்துபோகும். குறுகிய கதிரில் அதே மீன் தரையை விட்டுப் பிரிந்து தனிக் கீற்றாகத் தெரிய வாய்ப்பு அதிகம். அதனால் எஞ்சின் பக்கம் 50, அணியத்தில் 200 என்று வையுங்கள். சிர்ப் வகைக் கருவி (ஒரே அலைவரிசைக்குப் பதில் ஒரு எல்லை முழுவதும் அலைவரிசையை மாற்றி ஒலி அனுப்புவது) என்றால் இரண்டின் அலைவரிசை எல்லையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது.

2. டிரான்ஸ்டியூசரைப் பொருத்துங்கள்

ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் உறுப்புதான் டிரான்ஸ்டியூசர். அமரத்தில் இருப்பது புரொப்பல்லரிலிருந்து குறைந்தது 40 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும். நுரைத் தண்ணீர் பட்டால் படம் கிழிந்துபோகும். அணியம் ஓட்டத்தில் தண்ணீரை விட்டுத் தூக்கும். எனவே அந்த டிரான்ஸ்டியூசரை ஒரு குழாயின் நுனியில் பிடிக்க வைத்து, நங்கூரம் போட்டபின் படகின் பக்கவாட்டில் இறக்குங்கள். முகம் நேராகக் கீழே பார்க்கவேண்டும். வயர் நீளமாக இருக்கிறது என்று வெட்டாதீர்கள், சுருட்டிக் கட்டுங்கள்.

3. கரண்ட்

எஞ்சின் ஸ்டார்ட் செய்யும் பேட்டரியில் கொடுத்தால், ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் வோல்ட் இறங்கி கருவி அணைந்து எரியும். தனி 12 வோல்ட் பேட்டரி போடுங்கள். இரண்டும் சேர்ந்து 2 ஆம்பியர் இழுத்தால் 10 மணி நேரத்துக்கு 20 ஆம்பியர்-மணி ஆகும். லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக்கூடாது என்பதால் 40-க்குக் குறையாமல் வாங்குங்கள். ஒவ்வொரு கருவிக்கும் தனி ஃபியூஸ்.

4. சோதனை

படகு நிற்கும்போது ஒன்றை ஆஃப் செய்யுங்கள். மற்றதில் கோடுகள் மறைந்தால் குறுக்கீடு இருக்கிறது என்று அர்த்தம். அலைவரிசையை இன்னும் விலக்குங்கள். எஞ்சினை முறுக்கும்போது மட்டும் கோடு கூடினால் அது மின்சார இரைச்சல். டிரான்ஸ்டியூசர் வயரை எஞ்சின் வயரிலிருந்து பிரித்து ஓட்டுங்கள்.

பிறகு சமதரையான இடத்தில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் அளந்து, இரண்டு திரையும் அதையே காட்டும்படி செட்டிங்கில் திருத்துங்கள். டிரான்ஸ்டியூசர் தண்ணீருக்குள் இருக்கும் ஆழத்தைக் கூட்டாமல் விட்டால், அணியத்தில் ஒரு கணக்கும் அமரத்தில் ஒரு கணக்குமாகத் தூண்டில் இறங்கும்.