பாதுகாப்பு வரியை நிறுத்திவைக்க விண்ணப்பிக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

இறக்குமதி திடீரெனப் பெருகி உள்நாட்டுத் தொழில் அடிபடும்போது அரசு போடும் கூடுதல் இறக்குமதி வரிதான் பாதுகாப்பு வரி. அதைச் சிறிது காலம் நிறுத்திவைக்கக் கேட்கும் விண்ணப்பத்தின் வரைவை, சென்ற வாரம் புதிதாகச் சேர்ந்த ஒருவர் நீட்டினார். நாற்பது பக்கத்தில் முப்பது பக்கம், இரகசியம் என்று மறைத்த கருப்புக் கட்டம். என் முதல் விண்ணப்பத்தையே மறுபடி பார்த்ததுபோல் இருந்தது. கையெழுத்து விடுபடுவது, இணைப்பை மறப்பது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அவை ஒருமுறை பட்டால் தெரியும்.

எல்லாவற்றுக்கும் இரகசிய முத்திரை

நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. இறக்குமதியாளரான ஒரு வாடிக்கையாளருக்காக எழுதிய அந்த முதல் விண்ணப்பத்தில் கொள்முதல் விலையையும் விற்றவர் பெயரையும் மறைத்தேன், அது சரி. ஆனால் பொருளின் பெயரையும், அரசே வெளியிட்ட இறக்குமதிப் புள்ளிவிவரத்தையும் சேர்த்து மறைத்திருந்தேன்! உள்நாட்டு உற்பத்தியாளர்கள் பொதுப் பிரதியை, அதாவது இரகசியத்தை நீக்கி மற்றவர்களுக்குக் கொடுக்கும் பிரதியை, புரட்டிவிட்டு, "எதற்குப் பதில் சொல்வது?" என்று ஒரே வரியில் எழுதினார்கள். திருத்திக் கொடுப்பதற்குள் சரக்கு துறைமுகத்துக்கு வந்துவிட்டது. வாடிக்கையாளர் முழு வரியும் கட்டினார். அதன்பின் என்னோடு பேசவில்லை.

உலக வர்த்தக அமைப்பின் பாதுகாப்பு நடவடிக்கைகள் ஒப்பந்தத்தில் பிரிவு 3.2-ஐப் படியுங்கள். காரணம் காட்டினால்தான் இரகசியம். பொதுச் சுருக்கம் கேட்டால் தர வேண்டும். முடியாதென்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். நியாயமின்றி மறைத்து, சுருக்கமும் தர மறுத்தால், அந்தத் தகவலையே அதிகாரிகள் ஒதுக்கிவிடலாம்.

வழி எளிது. முதல் ஆண்டை 100 என்று வைத்துக் குறியீட்டெண்ணாகக் கொடுங்கள். 412, 486, 560 டன் என்பது 100, 118, 136 ஆகிவிடும். போக்கு தெரியும், உங்கள் சரக்களவு தெரியாது.

சொந்தக் கஷ்டத்தை மட்டும் எழுதுவது

விலை ஏறிவிட்டது என்று புலம்பிப் பயனில்லை. வரி போட்டதே அதற்குத்தான். சந்தை தற்காலிகமாக மாறியிருக்கிறது, வரி இல்லாவிட்டாலும் உள்நாட்டுத் தொழில் மீண்டும் அடிபடாது என்று காட்டுங்கள். உள்ளூர் ஆலை ஆர்டரை ஏற்க மறுத்த கடிதம் ஒன்று, உங்கள் பத்துப் பக்கக் கண்ணீரைவிடக் கனமானது.

நிரந்தர மாற்றத்தைத் தற்காலிகம் என்பது

நிரந்தர மாற்றம் என்றால், நிறுத்திவைக்கக் கேட்காமல் வரியையே மறுஆய்வு செய்யக் கேளுங்கள்.

பொருந்தாத முன்னுதாரணம்

எல்லோரும் சீன அலுமினியத் தகடுகளைத்தான் காட்டுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2021 அக்டோபரில் வரி விதித்த கையோடு ஒன்பது மாதம் நிறுத்திவைத்தது. 2022 ஜூலையில் வரி மீண்டும் வந்தது. உண்மைதான். ஆனால் அது பொருள்குவிப்புத் தடுப்பு வரி, அதாவது நியாயமற்ற மலிவு விலையில் வந்து குவியும் பொருளுக்குப் போடும் வரி. பாதுகாப்பு வரிக்குச் சட்டமும் வேறு, அளவுகோலும் வேறு.

முடிவு வருமுன் வரி கட்டுவதை நிறுத்துவது

கட்டிக்கொண்டே இருங்கள்.