திறந்து வைத்த பழைய போர்ட், ஷெர்ரி, மதீரா: குடிக்கலாமா, வேண்டாமா?

அலமாரியின் பின்வரிசையில் பாதி குறைந்த போர்ட் அல்லது ஷெர்ரி பாட்டில் ஒன்று கிடைத்து, அதை எப்போது திறந்தோம் என்பதே நினைவில் இல்லாதபோது, இரண்டு கேள்விகள் ஒன்றாக எழுகின்றன. குடித்தால் உடம்புக்குக் கெடுதல் வருமா என்பது முதலாவது. குடிக்கத்தக்க சுவை அதில் மிச்சம் இருக்கிறதா என்பது இரண்டாவது. இவற்றைப் பிரித்துப் பார்க்காததால்தான் இன்னும் நன்றாக இருக்கும் மதீராவைச் சிலர் கழுவுதொட்டியில் ஊற்றுகிறார்கள். வேறு சிலர் என்றோ உயிர் போய்விட்ட ஷெர்ரியை விருந்தினருக்குப் பரிமாறுகிறார்கள்.

முதல் கேள்விக்குப் பெரும்பாலும் விரைவில் விடை கிடைத்துவிடும். போர்ட், ஷெர்ரி, மதீரா, மார்சலா ஆகியவை எல்லாம் திராட்சைச் சாராயம் சேர்த்து வலுவூட்டப்பட்ட ஒயின்கள். போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில், சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே 77 சதவீத ஆல்கஹால் கொண்ட சாராயத்தைச் சேர்க்கிறார்கள். ஈஸ்ட் அத்துடன் செயலிழக்க, சர்க்கரை மிஞ்சிய, ஏறத்தாழ 20 சதவீத ஆல்கஹால் உள்ள போர்ட் உருவாகிறது. ஷெர்ரியில் பெரும்பாலும் நொதித்தல் முடிந்த பிறகே சாராயம் சேர்கிறது. இவ்வளவு ஆல்கஹாலும் ஒயினுக்கே உரிய அமிலமும் சேர்ந்திருக்கும் திரவத்தில் நோய்க்கிருமிகள் வளர்வதில்லை. ஆகவே, தன் சொந்த பாட்டிலிலேயே மூடி வைத்திருந்த போர்ட், முதன்முதலில் திறந்து ஆண்டுகள் பல ஆனாலும், வெளியில் வைத்த பாலைப் போல் நஞ்சாவதில்லை. சுவை கெட்டிருக்கலாம், ஆபத்து பொதுவாக இல்லை.

ஆனால் விதிவிலக்குகள் உண்டு, அவற்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். லேபிள் இல்லாத பாட்டிலிலோ, வேறு எதற்கோ பயன்பட்ட பாட்டிலிலோ இருப்பதைக் குடிக்க வேண்டாம். உள்ளே இருப்பது என்ன என்பதை மூக்கு உறுதி செய்யாது. மெத்தனால் கலந்திருந்தால் அதை மணத்தால் கண்டுபிடிக்கவே முடியாது. இரண்டாவது விதிவிலக்கைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. அழகுக்காகப் படிகக் கண்ணாடிக் குடுவையில் மாதக்கணக்கில் ஊற்றி வைத்த போர்ட்டைக் குடிக்கக் கூடாது. பழைய படிகக் கண்ணாடியில் ஈயம் உண்டு. அமிலமும் ஆல்கஹாலும் அதை மெல்ல மெல்லக் கரைத்து ஒயினுக்குள் இழுத்துக்கொள்ளும். இத்தகைய குடுவைகளில் நான்கு மாதம் வைத்த போர்ட்டில் லிட்டருக்கு ஆயிரக்கணக்கான மைக்ரோகிராம் ஈயம் சேர்ந்ததை 1991இல் வெளியான ஆய்வு காட்டியது. குடிநீருக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் மட்டுமே. ஒரு மாலை நேரத்து விருந்துக்காகக் குடுவையில் ஊற்றுவது வேறு, அதிலேயே சேமித்து வைப்பது வேறு. 1990களின் தொடக்கம் வரை பாட்டில் கழுத்தைச் சுற்றிய உறைகளிலும் ஈயத் தகடு வழக்கத்தில் இருந்ததால், அந்தக் காலத்து பாட்டிலாக இருந்தால் உறையை முழுவதும் நீக்கி, ஈரத்துணியில் சிறிது எலுமிச்சைச் சாறு தொட்டு வாய் விளிம்பைத் துடைத்த பிறகே ஊற்ற வேண்டும்.

இனி இரண்டாவது கேள்வி. திறந்து எத்தனை நாளாயிற்று என்று கணக்கிடத் தொடங்குவதற்கு முன் லேபிளைப் படியுங்கள். அந்த ஒயின் பாட்டிலுக்குள் வருவதற்கு முன் காற்றோடு எவ்வளவு பழகியது என்பதே, திறந்த பிறகு அது எவ்வளவு காலம் தாங்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

ஃபினோ, மன்சனில்லா ஆகிய வெளிர்நிற ஷெர்ரிகள் ஸ்பெயினின் ஹெரேஸ் பகுதியில், பீப்பாய்க்குள் ஒயினின் மேல் படரும் ஈஸ்ட் படலத்தின் கீழ் முதிர்கின்றன. அந்தப் படலம் காற்றைத் தடுத்துக் காத்து நிற்கிறது. பாட்டிலைத் திறந்ததும் அந்தக் காவல் இல்லை. ஆல்கஹாலும் ஏறத்தாழ 15 சதவீதம்தான். குளிர்பெட்டியில் வைத்தாலும் ஒரு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டியவை இவை. மாதக்கணக்கில் அலமாரியில் நின்ற ஃபினோவைச் சோதித்துப் பார்க்க நேரம் செலவிடத் தேவையில்லை. ஒலோரோசோவின் கதை நேர்மாறானது. அது படலமே இல்லாமல் காற்றுபடப் பீப்பாயில் முதிர்ந்தது என்பதால், திறந்த பிறகும் சில வாரங்கள், குளிரில் வைத்தால் இரண்டு மாதம்கூட நிற்கும். பெத்ரோ ஹிமெனெஸ் எனும் பாகு போன்ற இனிப்பு ஷெர்ரி, அதன் மிகுந்த சர்க்கரையால் இன்னும் கூடுதலாகத் தாங்கும்.

போர்ட்டிலும் இதே வேறுபாடு உண்டு. விண்டேஜ் போர்ட் மரப்பீப்பாயில் இரண்டு மூன்று ஆண்டுகள் மட்டுமே இருந்துவிட்டு, பிறகு பல பத்தாண்டுகள் பாட்டிலுக்குள் காற்றின்றி முதிர்வது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும், திறந்த பின் அதன் ஆயுள் இரண்டு மூன்று நாள்தான். மிகப் பழையதென்றால் அன்றே குடித்துவிடுவது நல்லது. ரூபி வகை ஓரிரு வாரம் நிற்கும். லேபிளில் 10, 20, 30 என்று ஆண்டுகள் குறித்த டானி போர்ட் மரத்தில் நீண்ட காலம் காற்றைச் சுவாசித்தது. ஒரு மாதம், கவனமாக வைத்தால் இரண்டு மாதம் வரையிலும் அதன் நயம் குறையாது. மூடியைப் பார்த்தும் ஓரளவு ஊகிக்கலாம். தலையில் தொப்பி வைத்த, கையால் திருகி எடுக்கக்கூடிய குட்டைத் தக்கை என்றால், திறந்து மூடிப் பயன்படுத்தும் வகையாகவே அது தயாரிக்கப்பட்டிருக்கும். திருகாணி கொண்டு இழுத்தெடுக்க வேண்டிய நீளத் தக்கை என்றால், அது பெரும்பாலும் பாட்டிலில் முதிர வேண்டிய வகை.

மதீரா தனி இனம். அதே பெயர் கொண்ட போர்ச்சுகீசியத் தீவில் ஒயினை 45 முதல் 50 டிகிரி வெப்பத்தில் குறைந்தது மூன்று மாதம் சூடாக்குகிறார்கள், அல்லது வெயில் காயும் மேல்மாடிகளில் பீப்பாய்களை ஆண்டுக்கணக்கில் அடுக்கி வைக்கிறார்கள். மற்ற ஒயின்களைக் கெடுக்கும் வெப்பத்தையும் காற்றையும் கொண்டே அது உருவாக்கப்படுவதால், திறந்து பல மாதங்கள், சில வேளை ஓராண்டுக்கு மேலும், அது குணம் மாறாமல் இருக்கும். பழைய மதீராவை மணந்துகூடப் பார்க்காமல் ஊற்றிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மூலிகை சேர்ந்த வெர்முத்தோ, குளிர்பெட்டியில் ஓரிரு மாதம் கடந்தால், கெடுவதற்கு முன்பே மணத்தை இழந்து வெறும் கசப்பாகிவிடும்.

லேபிளில் ஆல்கஹால் அளவையும் பார்க்க வேண்டும். நம் நாட்டுக் கடைகளில் போர்ட் என்ற பெயரில் கிடைக்கும் இனிப்பு ஒயின்கள் எல்லாம் டோரோ முறையில் செய்யப்பட்டவை அல்ல. அளவு 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், பெயரை நம்பாமல் அதைச் சாதாரண ஒயினாகவே கருதுங்கள். வினிகராக்கும் பாக்டீரியாக்கள் அந்த அளவில் வேலை செய்யக்கூடியவை. மேலே சொன்ன காலக்கெடுக்களும் குளிர்ந்த அறைக்கோ குளிர்பெட்டிக்கோ பொருந்துபவையே. சென்னையிலோ மதுரையிலோ கோடைக்காலச் சமையலறையில் நின்ற பாட்டிலுக்கு அவற்றைப் பாதியாகக் குறைத்துக்கொள்வது என் வழக்கம். முக்கால் பாகம் நிறைந்த பாட்டிலைவிட, கால் பாகம் மட்டும் மிஞ்சிய பாட்டிலில் காற்று அதிகம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகு சோதனைக்கு வரலாம். பாட்டிலை ஒரு நாள் நிமிர்த்தி வைத்து, வண்டல் அடியில் தங்கியபின், மெல்லச் சாய்த்துத் தெளிந்த கண்ணாடிக் கோப்பையில் சிறிது ஊற்றி, வெள்ளைத் தாளுக்கு முன் பிடித்துப் பாருங்கள். அடியில் கருஞ்சிவப்புக் கசடோ, கண்ணாடித் துகள் போன்ற டார்ட்டரேட் படிகங்களோ இருந்தால் அஞ்ச வேண்டாம். அவை நிறமிகளும் துவர்ப்புப் பொருள்களும் அமிலமும் படிந்தவை. ரூபி போர்ட் தன் சிவப்பை இழந்து செங்கல் பழுப்பாகியிருந்தாலும், வைக்கோல் நிற ஃபினோ பொன்னிறம் தாண்டிப் பழுத்திருந்தாலும் காற்று நிறையவே நுழைந்துவிட்டது என்று பொருள். டானியும் ஒலோரோசோவும் மதீராவும் பிறவியிலேயே பழுப்பு நிறம் என்பதால் இந்த அளவுகோல் அவற்றுக்குப் பொருந்தாது. பஞ்சு போன்ற இழைகள் மிதந்தாலோ, தெளியவே தெளியாத கலங்கல் இருந்தாலோ, மேலே படலம் படர்ந்திருந்தாலோ, மேற்கொண்டு ஆராயாமல் கொட்டிவிடுங்கள். ஆல்கஹாலைத் தாங்கும் சில லாக்டிக் பாக்டீரியாக்கள் வலுவூட்டிய ஒயினிலும் வளரக்கூடியவை.

அடுத்தது மணம். கோப்பையைச் சுழற்றி, அவசரப்படாமல் இருமுறை முகருங்கள். உலர்ந்த அத்தி, பேரீச்சை, வால்நட், கருகிய சர்க்கரை ஆகியவை மரத்தில் முதிர்ந்த வகைகளில் இருக்க வேண்டிய மணங்கள். அவற்றைக் கெடுதல் என்று எண்ணிவிடக் கூடாது. அடிபட்ட ஆப்பிளின் வாடை அசிட்டால்டிஹைடால் வருவது. ஃபினோவில் அது இயல்பு. ரூபி போர்ட்டில் அது முதுமையின் அடையாளம். நகப்பூச்சு நீக்கியின் காரநெடி எத்தில் அசிட்டேட்டையும், மூக்கைக் குத்தும் புளிப்பு அசிட்டிக் அமிலத்தையும் காட்டுகின்றன. பழைய மதீராவில் இந்த இரண்டும் இலேசாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், ஓங்கி நின்றால் வேண்டாம். நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை வந்தால் குற்றம் தக்கையினுடையது. அது திறந்த முதல் நாளிலேயே இருந்திருக்கும், தீங்கு செய்யாது, ஆனால் குடிப்பதில் இன்பமும் இராது.

மணம் தடுக்காவிட்டால் ஒரு தேக்கரண்டி அளவு வாயில் வைத்து, நாக்கு முழுவதும் படரவிட்டுத் துப்புங்கள். பழத்தின் சுவை துலங்கி, இனிப்பும் புளிப்பும் ஒன்றையொன்று தாங்கி நின்றால் தயங்காமல் குடிக்கலாம். இனிப்பு மட்டும் தனித்து நின்று, பின்னால் சாராயத்தின் சூடும் வறண்ட கசப்புமே மிஞ்சினால், அது கெட்டுப்போகவில்லை, ஓய்ந்துவிட்டது. ஓய்ந்ததைக் கோப்பையில் ஊற்றி உபசரிக்க வேண்டாம். மார்சலாவும் மதீராவும் இறைச்சிச் சாறுகளில் சுண்டக் காய்ச்சப் பயன்படும். போர்ட்டைச் சர்க்கரையோடு காய்ச்சிப் பாகாக்கிப் பேரிக்காயை அதில் வேகவைக்கலாம். வினிகர் நெடியோ தக்கை வாடையோ உள்ளதைச் சமையலிலும் சேர்க்க வேண்டாம். அந்தக் குற்றம் உணவிலும் தலைகாட்டும்.

நன்றாக இருக்கிறது என்று முடிவானால், மிச்சத்தை அந்தப் பெரிய பாட்டிலிலேயே விட்டுவிடாதீர்கள். கழுவி முற்றிலும் உலர்த்திய சிறிய கண்ணாடி பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, இறுக மூடி, ஒயினின் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதி ஒட்டிக் குளிர்பெட்டியில் வையுங்கள்.