பிஸி ஏர்ஸ்பேஸ்ல ஃப்ளையிங் கத்துக்கிறப்போ கவனம் சிதறாம இருக்க: ஸ்டெப் பை ஸ்டெப்

கலிஃபோர்னியால பாலோ ஆல்டோ ஏர்போர்ட்ல சனிக்கிழமை காலைல டவர் ஃப்ரீக்வென்சிய கேட்டீங்கன்னா மூச்சு விட கேப் இருக்காது. ரன்வே ஒண்ணே ஒண்ணு, 2,443 அடிதான், அதுல பாதி பேர் ஸ்டூடன்ட்ட வச்சு சுத்திட்டு இருக்கிற என்னை மாதிரி இன்ஸ்ட்ரக்டருங்க. பக்கத்துலயே மத்த ஏர்போர்ட்டுங்க: வடமேற்குல சான் கார்லோஸ், தென்கிழக்குல மொஃபெட், அதுக்கு அந்தப் பக்கம் சான் ஹோசே, இது எல்லாத்துக்கும் மேல குடை பிடிச்ச மாதிரி சான் ஃப்ரான்சிஸ்கோவோட கிளாஸ் பி, அதாவது பெரிய ஏர்போர்ட்ட சுத்தி இருக்கிற, அனுமதி இல்லாம நுழையக்கூடாத வான்பகுதி. புதுசா வர்ற முக்காவாசி பேர் எங்கிட்ட சொல்றது ஒண்ணுதான், "ஓட்டுறது கூட பரவால்ல, ரேடியோல கூப்பிட்டா மூளை அப்படியே நின்னுடுது".

நிக்கத்தான் செய்யும், ஏன்னா ஆரம்பத்துல உயரத்தையும் ஸ்பீடையும் பிடிச்சு வைக்கிறதுக்கே உங்க கவனம் மொத்தமும் போயிடுது, மிச்சம் எதுவும் இருக்காது. அதனால வேகமா யோசிக்கப் பழகணும்னு நினைக்காதீங்க, மேல செய்யுற வேலைல எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் கீழயே முடிச்சிட்டு ஏறுங்க.

ஸ்டெப் 1: இன்ஜின் போடறதுக்கு முன்னாடி

இதுக்கு மட்டும் ஒரு பதினஞ்சு நிமிஷம் ஒதுக்குங்க, மத்த எல்லா ஸ்டெப்பையும் விட இதுதான் பெருசு. ஏடிஸ் (ஏர்போர்ட் நிலவரத்த சொல்ற ரேடியோ பதிவு) கேட்டு காத்து, ரன்வே, ஆல்டிமீட்டர் செட்டிங், அந்தப் பதிவோட அடையாள லெட்டர் நாலையும் முழங்கால்ல கட்டுற பேட்ல எழுதுங்க. ரேடியோல இப்ப தேவைப்படுற ஃப்ரீக்வென்சி ஆக்டிவ்ல, அடுத்தது ஸ்டாண்ட்பைல இருக்கணும், ஒண்ண மாத்தின உடனே அதுக்கு அடுத்தத போட்டு வச்சிடுங்க, அப்போ மேல போயி நம்பர் தேடுற வேலையே இருக்காது. முதல் ரேடியோ கால்ல என்ன பேசப்போறீங்கன்னு வார்த்தைக்கு வார்த்தை எழுதி ரெண்டு தடவ வாய்விட்டு படிங்க. கூச்சமே வேண்டாம், நான் இன்னிக்கும் புது ஏர்போர்ட் போனா எழுதி வச்சுத்தான் பேசுறேன். ஃபோன சைலன்ட்ல போட்டு பைக்குள்ள வச்சிடுங்க.

அடுத்து இன்ஸ்ட்ரக்டர்கிட்ட பேசி முடிவு பண்ண வேண்டியது: இன்னிக்கு ரேடியோ யாரு, டிராஃபிக் பாக்குறது யாரு, எப்ப பாடம் நடத்தக்கூடாது. ஏர்லைன்ஸ்ல 10,000 அடிக்கு கீழ தேவையில்லாத பேச்சு கூடாதுன்னு 1981லயே அமெரிக்கால சட்டம் வந்துடுச்சு. நம்ம செஸ்னா மாதிரி சின்ன பயிற்சி பிளேனுக்கு அந்த சட்டம் கிடையாது, ஆனா நான் என் ஸ்டூடன்ட்ஸோட அதே மாதிரி ஒண்ணு வச்சிருக்கேன்: டாக்ஸில (தரைல ஓட்டிட்டுப் போறது) இருந்து பேட்டர்ன (ரன்வேய சுத்திப் பறக்குற பாதை) விட்டு வெளிய போற வரைக்கும், அப்புறம் திரும்பி வர்றப்போ கடைசி பத்து மைல், ஓட்டத் தேவையானத மட்டும்தான் பேசுவோம். சந்தேகம் வந்தா மனசுல வச்சுக்கோங்க, கீழ வந்து கேளுங்க.

ஸ்டெப் 2: யார் கைல கன்ட்ரோல்?

"யூ ஹேவ் த கன்ட்ரோல்ஸ்", "ஐ ஹேவ் த கன்ட்ரோல்ஸ்", மறுபடி "யூ ஹேவ் த கன்ட்ரோல்ஸ்". மூணு தடவையும் சொல்லணும், தலையாட்டினா போதாது. 1972 டிசம்பர் 29ல ஈஸ்டர்ன் 401ங்கிற பயணிகள் பிளேன் ஃப்ளோரிடா சதுப்பு நிலத்துல விழுந்தப்போ காக்பிட்ல அனுபவசாலிங்கதான் இருந்தாங்க, எல்லாரும் எரியாத ஒரு சின்ன லேண்டிங் கியர் பல்பையே பாத்துட்டு இருந்தாங்க, பிளேன் மெதுவா இறங்குறத யாரும் கவனிக்கல, 101 பேர் போயிட்டாங்க. அதனால ஐபேட் கீழ விழுந்தாலும் சரி, கதவு லேசா திறந்துகிட்டாலும் சரி, முதல் கேள்வி இதுதான்: இப்ப ஓட்டுறது யாரு?

ஸ்டெப் 3: டிரிம்

யோக்ல (பிளேனோட ஸ்டியரிங்) கைக்கு வர்ற அழுத்தத்த எடுத்துடுறதுதான் டிரிம். சின்ன விஷயம்தான், ஆனா ஆரம்பத்துல பாதி பேர் செய்றதில்ல. லெவல் ஆனதும் பவர செட் பண்ணி கை விட்டாலும் மூக்கு அப்படியே நிக்கிற மாதிரி டிரிம் பண்ணிட்டீங்கன்னா, யோக்க இறுக்கிப் பிடிக்கப் போன கவனம் உங்களுக்கே திரும்ப வந்துடும்.

ஸ்டெப் 4: ரேடியோ

கூப்பிட்ட உடனே பதில் சொல்லியே ஆகணும்னு ஒரு பதட்டம் வரும், அதுலதான் நூறு இருநூறு அடி காணாமப் போகும். முதல்ல விங் லெவல், உயரம், அப்புறம் பட்டன். முதல் கால்லயே "ஸ்டூடன்ட் பைலட்"னு சேத்து சொல்லுங்க, கன்ட்ரோலர் மெதுவா பேசுவாரு, அதுக்குத்தான் அந்த வழக்கமே இருக்கு. புரியலன்னா "சே அகெய்ன்", முடியலன்னா "அனேபிள்", இந்த ரெண்டையும் வெக்கப்படாம யூஸ் பண்ணுங்க, புரியாமலே "ராஜர்" போடுறதுதான் ஆபத்து.

இங்க புதுசா வர்றவங்க குழம்புற இடம் ஒண்ணு இருக்கு. கிளாஸ் டி ஏர்ஸ்பேஸ்ல (டவர் இருக்கிற சின்ன ஏர்போர்ட்ட சுத்தி இருக்கிறது) டவர் உங்க கால் சைன (ரேடியோல உங்க பிளேனோட பேரு) சொல்லி "ஸ்டாண்ட்பை"ன்னாலே உள்ள போகலாம், கால் சைன் சொல்லாம வெறும் "ஸ்டாண்ட்பை"ன்னா போகக்கூடாது. கிளாஸ் பிக்கு அது பத்தாது, "கிளியர்ட்"ங்கிற வார்த்தை காதுல விழுந்தே ஆகணும்.

ஸ்டெப் 5: கண்ணு வெளிய

ஸ்கிரீன்ல டிராஃபிக் தெரியுதேன்னு தலைய குனிஞ்சுட்டே இருக்காதீங்க. வானத்த பத்து பத்து டிகிரியா பிரிச்சு ஒவ்வொண்ணுலயும் குறைஞ்சது ஒரு செகண்ட் கண்ண நிறுத்தி பாக்கணும், சர்ருனு ஓட்டினா எதுவும் பிடிபடாது. டவர் காட்டின பிளேன பாத்துட்டு "டிராஃபிக் இன் சைட்"னு சொல்லிட்டீங்க, அப்புறம் அது கண்ண விட்டு போயிடுச்சுன்னா உடனே சொல்லிடுங்க. 1978 செப்டம்பர் 25ல சான் டியேகோல பிஎஸ்ஏ 182ங்கிற போயிங் 727, பயிற்சில இருந்த ஒரு செஸ்னா 172 மேல மோதுச்சு. போயிங் பைலட்டுங்க செஸ்னாவ பாத்துட்டோம்னு சொல்லியிருந்தாங்க, அப்புறம் தவறவிட்டுட்டாங்க, தவறவிட்டது டவருக்கு தெளிவா போய்ச் சேரல. 144 பேர். அதுல ரெண்டு பேர் உங்களையும் என்னையும் மாதிரி ஒரு கிளாஸுக்கு கிளம்பினவங்க.

ஸ்டெப் 6: நடுவுல நின்னுபோன செக்லிஸ்ட்

பாதில டவர் கூப்பிட்டா விட்ட இடத்துல இருந்து தொடராதீங்க, முதல் வரில இருந்து ஆரம்பிங்க. விட்ட இடம் எதுன்னு நமக்கு ஞாபகம் இருக்குன்னு தோணும், நிறைய நேரம் தப்பா இருக்கும்.

ஸ்டெப் 7: தாங்கலன்னா சொல்லிடுங்க

யோக்க வெள்ளை விரலா பிடிக்கிறது, கேட்ட கேள்விக்கு பதில் வராதது, கால் சைன் காதுல விழாதது, இதெல்லாம் வந்தாச்சுன்னா வாய்விட்டு "ஓவர்லோட்"னு சொல்லுங்க, இன்ஸ்ட்ரக்டர் ரேடியோவ எடுத்துக்குவாரு, தேவைப்பட்டா கன்ட்ரோலையும்.

இது இன்ஸ்ட்ரக்டருக்கும் பொருந்தும், எனக்கே நடந்தது. ரன்வே 31க்கு ரைட் டவுன்விண்ட்ல (ரன்வேக்கு இணையா, இறங்குற திசைக்கு எதிரா பறக்குறது) போயிட்டு இருந்தோம், டவர் "எக்ஸ்டெண்ட் பண்ணுங்க, பேஸ் எப்பன்னு நான் சொல்றேன்"னாரு, அதாவது ரன்வே பக்கம் திரும்பாம நேரா போயிட்டே இருங்கன்னு, நேரம் கிடைச்சுதேன்னு நான் போன லேண்டிங்ல ஃபிளேர் (தரைய தொடறதுக்கு முன்னாடி மூக்க தூக்குறது) ஏன் சரியா வரலன்னு விளக்க ஆரம்பிச்சேன். டவர் ரெண்டு தடவ கூப்பிட்டது என் பேச்சுல அமுங்கிப் போச்சு, மூணாவது தடவ நிமிர்ந்து பாத்தா மொஃபெட் பக்கத்துல வந்துட்டோம். அந்தப் பையன் ரெண்டாவது காலையே கேட்டிருக்கான், சார் பேசிட்டு இருக்காரேன்னு சும்மா இருந்திருக்கான். அன்னிலேருந்து முதல் கிளாஸ்லயே சொல்லிடுறேன், ரேடியோ வந்தா கைய தூக்கி என் பேச்ச நிறுத்துங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்.

ஸ்டெப் 8: இறங்கினதுக்கு அப்புறம்

ரன்வேய விட்டு, ஓரத்துல வரைஞ்சிருக்கிற கோட்ட முழுசா தாண்டி நிறுத்தின பிறகுதான் ஃபிளாப்ஸ (இறக்கைல இறக்கி வச்ச பலகை) மடக்குறது, செக்லிஸ்ட் எல்லாம். இன்ஜின் அணைச்ச பிறகுதான் டீப்ரீஃப். ஹெட்செட்ல ஆடியோ ரெக்கார்ட் பண்ற கேபிள் கிடைச்சா வாங்கி வச்சுக்கோங்க, ராத்திரி வீட்ல உக்காந்து கேக்குறப்போ மேல காதுல விழாத கால் ஒவ்வொண்ணும் தெளிவா கேக்கும், ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி நாம என்ன பண்ணிட்டு இருந்தோம்னு குறிச்சுக்கோங்க. அடுத்த கிளாஸ் ஆரம்பிக்கிறப்போ அந்தப் பேப்பர இன்ஸ்ட்ரக்டர்கிட்ட கொடுங்க.