ஆங்கிலம் தயங்காமல் பேச 4/3/2 பயிற்சி

என் மாலை வகுப்புக்கு வருபவர்களில் தமிழ்வழியில் படித்தவர்களே அதிகம். எழுதச் சொன்னால் ஓரளவு சரியாக எழுதுகிறார்கள். பேசச் சொன்னால் மூன்றாவது சொல்லிலேயே நின்றுவிடுகிறார்கள். இதற்குக் கைகொடுத்தது 4/3/2 பயிற்சி. ஒரே பேச்சை மூன்று பேரிடம் 4, 3, 2 நிமிடம் என்று நேரத்தைக் குறைத்துக்கொண்டே சொல்வதுதான் அது. கீத் மாரிஸ் என்பவர் 1983-இல் இதைப் பற்றி எழுதினார். நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷன் பரவலாக்கினார்.

முதலில் தலைப்பு. பலர் சறுக்குவது இங்கேதான். ‘சுற்றுச்சூழல் மாசு’ வேண்டவே வேண்டாம், சொல் தேடுவதிலேயே நேரம் போய்விடும். தெரிந்த சொற்களை வேகமாக எடுத்துப் பேசத்தான் இந்தப் பயிற்சி. புதிய சொற்களை வேறு நாளில் கற்றுக்கொள்ளலாம். ‘எங்கள் ஊர்த் திருவிழா’, ‘சாம்பார் வைப்பது எப்படி’ போன்றவை போதும். பெருங்காயத்துக்கு ஆங்கிலச் சொல் வரவில்லையா? பெருங்காயம் என்றே சொல்லிவிட்டு மேலே போகட்டும்.

யோசிக்க ஒரு நிமிடம் கொடுங்கள். எழுத விடாதீர்கள், எழுதினால் பார்த்துப் படித்துவிடுவார்கள்.

இரண்டு வரிசையாக எதிரெதிரே உட்காரவைத்து, ஒரு வரிசை 4 நிமிடம் பேசட்டும். கேட்பவர்கள் குறுக்கிடக் கூடாது. பிறகு கேட்பவர்கள் ஓர் இடம் தள்ளி உட்கார, அதே பேச்சு 3 நிமிடத்தில், அப்புறம் 2 நிமிடத்தில். ஆள் மாறுவது மிக முக்கியம். ஏற்கெனவே கேட்டவரிடம் மறுபடி சொல்ல யாருக்கும் மனம் வராது. புதியவருக்கு முழுவதும் சொல்லியாக வேண்டும். மூன்று சுற்றும் முடிந்தபின் எதிர்வரிசை பேசட்டும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு 4 நிமிடம் அதிகம், 3/2/1 போதும்.

பேசும்போது திருத்தாதீர்கள். ஆனால் முதல் சுற்றில் வந்த பிழை கடைசிச் சுற்றிலும் அப்படியே வருவதுண்டு. ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ போன்ற இரண்டொன்றை மட்டும், முதல் சுற்று முடிந்ததும் யார் பெயரும் சொல்லாமல் பலகையில் திருத்தி எழுதுகிறேன்.

நேரம் பார்க்கக் கைப்பேசி போதும். முடிந்ததைச் சொல்ல மேசை மணிதான் எனக்குப் பிடிக்கும், அத்தனை சத்தத்திலும் கேட்கும். உச்சரிப்புக்கு மதிப்பெண் போடும் செயலிகளை நான் சேர்ப்பதில்லை. மதிப்பெண்ணைப் பார்த்ததும் கூச்சக்காரர்கள் வாயை மூடிவிடுகிறார்கள்.

பின்சேர்க்கை: தனியாகப் படிப்பவர்கள் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஒரே விஷயத்தை மூன்று நண்பர்களுக்கு வாட்ஸ்அப் குரல்பதிவாக அனுப்புங்கள், ஒவ்வொரு முறையும் நேரத்தைக் குறைத்து. பதிவை அழித்துவிட்டு முதலிலிருந்து பேச வேண்டாம். தடுமாறினாலும் அப்படியே அனுப்புங்கள்.