இரண்டாம் பாகத்துக்குக் குடும்பத்தோடு போகலாமா? டிக்கெட் போடும் முன் சோதிக்கும் முறை

நாலு பேராகச் சென்னையில் ஒரு மல்டிபிளெக்ஸுக்குப் போய் வந்தால் டிக்கெட், புக்கிங் கட்டணம், பார்க்கிங், பாப்கார்ன் எல்லாம் சேர்ந்து சுலபமாக ஆயிரத்தைத் தாண்டும். முதல் பாகம் பிடித்திருந்தது என்பது மட்டும் அந்தச் செலவுக்குப் போதுமான காரணம் இல்லை. இரண்டாம் பாகம் தேறுமா, தேறாதா என்பதை வீட்டில் இருந்தபடியே பெருமளவு கணித்துவிடலாம்.

முதலில், தலைப்பில் இருக்கும் அந்த ‘2’ எந்த வகை என்று பாருங்கள். தமிழில் இது ரொம்ப முக்கியம். ‘பசங்க’ (2009) பார்த்த பிள்ளை அன்புக்கரசுவும் ஜீவாவும் வருவார்கள் என்று ‘பசங்க 2’ (2015)-க்கு வந்தால் ஏமாந்துபோகும். இயக்குநர் அதே பாண்டிராஜ்தான், ஆனால் பிள்ளைகள் வேறு, ஊர் வேறு, கதையும் வேறு. ‘அரண்மனை’ வரிசையும் இப்படித்தான்: ஒவ்வொன்றும் தனிப் பேய், தனிக் கதை. இந்த வகைப் படங்களை முதல் பாகத்தோடு ஒப்பிடுவதே வீண். தனிப் படமாக எடை போட்டால் போதும், பழையதைத் திரும்பப் பார்க்கவும் வேண்டாம். கீழே வரும் சோதனை, அதே ஆட்கள் அதே கதையைத் தொடரும் படங்களுக்கு.

முதல் பாகத்தை இரண்டு மூன்று நாள் முன்பே வீட்டில் ஒருமுறை போடுங்கள். அதே நாளில் வேண்டாம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றால் பிள்ளைகள் இடைவேளைக்குள் தூங்கிவிடுவார்கள், பெரியவர்கள் காட்சிக்குக் காட்சி ஒப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பார்த்து முடித்ததும் ஒரு தாளில் ஒரே வரி எழுதுங்கள்: இந்தக் குடும்பத்தில் யாருக்கு என்ன வேண்டியிருந்தது, எது குறுக்கே நின்றது? ‘பஞ்ச் டயலாக்’, ‘கிராஃபிக்ஸ்’ என்றெல்லாம் எழுதக் கூடாது. அந்த வரிதான் அளவுகோல்.

‘வேலையில்லா பட்டதாரி’யை (2014) எடுத்துக்கொள்ளுங்கள். படித்துவிட்டு வேலை இல்லாமல் இருக்கும் மூத்த பிள்ளை மொபெட்டில் போகிறான், சம்பாதிக்கும் தம்பி காரில் போகிறான். அப்பா திட்டுகிறார், அம்மா தாங்குகிறார். வெளியே ஒரு கட்டுமான கம்பெனிச் சண்டை இருந்தாலும், வீட்டோடு போய்ப் பார்த்ததற்குக் காரணம் அந்தச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சுகள்தான். முதல் பாகத்திலேயே அம்மா இறந்துவிடுகிறார். இரண்டாம் பாகத்தில் (2017) மையச் சண்டை ஒரு பெரிய நிறுவனத்தின் முதலாளியம்மாவோடு. வீட்டுக்குள் இருப்பது கணவனை அதட்டும் மனைவி என்ற பழைய நகைச்சுவை. நாயகன் அதே ஆள், கதையும் வசனமும் அவரே. ஆனால் இயக்குநரும் இசையமைப்பாளரும் மாறிவிட்டார்கள், வீடு பின்னால் போய்விட்டது. தாளில் எழுதிய வரிக்கு அந்தப் படத்தில் தொடர்ச்சி இல்லை.

எதிர்ப்பக்கத்து உதாரணம் ‘பேடிங்டன் 2’ (2017). முதல் படத்தின் (2014) கேள்வி, இந்தக் கரடிக் குட்டியை இந்த வீடு ஏற்றுக்கொள்ளுமா என்பது. அதையே மறுபடி கேட்காமல், இந்தக் கரடி தான் வாழும் தெருவுக்கு எவ்வளவு முக்கியமாகிவிட்டது என்று இரண்டாம் படம் கேட்கிறது. தினமும் காலையில் சாவியை மறந்துவிட்டுக் கிளம்பும் டாக்டருக்குக் கரடிதான் ஞாபகப்படுத்தும். அது சிறைக்குப் போன பிறகு அந்தத் தெருவின் காலை எப்படி இருக்கிறது என்பதைச் சில நிமிடங்களிலேயே காட்டிவிடுகிறார்கள். ‘இன்சைட் அவுட் 2’ (2024) செய்ததும் இதே வேலை: சிறுமிக்கு வயது 11-லிருந்து 13 ஆகிறது, பதற்றம், பொறாமை போன்ற புது உணர்ச்சிகள் தலைக்குள் குடியேறுகின்றன. ஆள் பழசு, சிக்கல் புதுசு. தேறும் இரண்டாம் பாகங்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் தேறுகின்றன.

அடுத்தது போஸ்டரின் அடிவரி. கதை, திரைக்கதை, இயக்கம் யார் என்று பாருங்கள். முதல் பாகத்தை எழுதியவர் பெயர் காணாமல் போயிருந்தால் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். பெயர் அதேதான் என்றால் நிம்மதி என்றும் சொல்ல முடியாது. ‘இந்தியன்’ 1996, ‘இந்தியன் 2’ 2024, இரண்டுக்கும் ஷங்கர்தான். மூன்று மணி நேரமாக வந்த இரண்டாம் பாகத்தில், வெளியான சில நாட்களிலேயே சுமார் 12 நிமிடம் வெட்டினார்கள். இடைவெளி நீளும்போது இன்னொரு சிக்கலும் உண்டு: அப்பாவுக்குப் பழைய ஏக்கம், பிள்ளைக்கு அந்தத் தாத்தா யாரென்றே தெரியாது.

டிரைலரை இரண்டு தடவை ஓட்டுங்கள். முதல் தடவை சும்மா. இரண்டாவது தடவை பழைய வசனம், பழைய பின்னணி இசை, பழைய ஸ்டைல் வரும் இடங்களுக்கெல்லாம் ஒரு கோடு போடுங்கள். பாதிக்கு மேல் கோடு விழுந்தால் கவனம் தேவை. டிரைலர் விளம்பரத்துக்காக வெட்டுவது, பழசைக் கூடுதலாகக் காட்டத்தான் செய்வார்கள். அதனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

நீளத்தையும் சான்றிதழையும் புக்கிங் பக்கத்திலேயே பார்த்துவிடலாம். 2024 நவம்பரிலிருந்து யுஏ சான்றிதழ் 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிந்திருக்கிறது. இங்கேதான் பலர் தவறுவது: முதல் பாகம் பழைய யு/ஏ, இதுவும் யுஏ, அப்படியென்றால் ஒன்றுதானே என்று நினைத்துவிடுகிறார்கள். 16+ என்றால் ஆறு வயதுப் பிள்ளையைத் தவிர்த்துவிடுங்கள். தியேட்டரில் தடுக்க மாட்டார்கள், யுஏ பெற்றோருக்கான எச்சரிக்கை மட்டுமே. முடிவு உங்களுடையது.

அவசரம் இல்லையென்றால் முதல் மூன்று நாளை விட்டுவிடுங்கள். அது ரசிகர்களின் கூட்டம், அதைப் பார்த்து எதுவும் கணிக்க முடியாது. திங்கட்கிழமை மாலைக் காட்சிக்கு, வடபழனி, வேளச்சேரி, ராயப்பேட்டை என்று இரண்டு மூன்று இடங்களின் சீட் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். நாலைந்து இருக்கைகள் சேர்ந்தாற்போல நிரம்பியிருந்தால் குடும்பங்கள் வருகின்றன என்று அர்த்தம். ஒன்றும் இரண்டுமாகச் சிதறியிருந்தால் இல்லை. அதைவிட நம்பகமான அடையாளம் இரண்டாவது சனிக்கிழமை மேட்னி. அப்போதும் பெரிய திரையிலேயே ஓடினால் கிளம்பலாம். சின்ன ஸ்கிரீனுக்கு மாற்றி, காட்சிகளையும் குறைத்திருந்தால் வீட்டிலேயே இருங்கள். தமிழ்ப் படங்கள் பலவும் நாலு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன.

ஹாலிவுட் அனிமேஷன் என்றால் மொழியைக் கவனியுங்கள். முதல் பாகத்தைப் பிள்ளை எந்த மொழியில் பார்த்ததோ அதே மொழி நல்லது, குரல் மாறினால் ஆளே மாறியது போல இருக்கும். ‘ஃப்ரோஸன் 2’ (2019) தமிழில் எல்சாவுக்கு ஸ்ருதி ஹாசன், அன்னாவுக்குத் திவ்யதர்ஷினி. பாட்டி தாத்தாவும் வருகிறார்கள் என்றால் தமிழ் டப்பிங் காட்சியையே தேடுங்கள், ஒரே படத்துக்கு இரண்டு மொழிக் காட்சிகளும் அடுத்தடுத்து இருக்கும், அவசரத்தில் தவறாக அழுத்திவிடுவார்கள். 3டி கண்ணாடி சின்னப் பிள்ளைகளின் மூக்கில் நிற்காது. ஐந்து வயதுக்குக் கீழே என்றால் 2டி போதும். வலிப்பு உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இன்னொன்றும் விசாரியுங்கள்: ‘இன்க்ரெடிபிள்ஸ் 2’ (2018) வெளியானபோது, வேகமாக மின்னும் ஒளிக்காட்சிகளுக்காக அமெரிக்காவில் தியேட்டர் வாசலிலேயே எச்சரிக்கை ஒட்டினார்கள்.

இடைவேளையில் அந்த ஒற்றை வரியை இந்தப் படத்துக்குச் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகளிடமும் கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளையால் யாருக்கு என்ன வேண்டும் என்று சொல்ல முடிந்தால் இரண்டாம் பாதி பெரும்பாலும் காப்பாற்றிவிடும். சொல்ல முடியவில்லை, சின்னதும் அழுகிறது என்றால் ஒருவர் பிள்ளையோடு வெளியே வந்துவிடுவது நல்லது. எழுந்து போக வாகாக, புக் செய்யும்போதே வரிசையின் ஓர இருக்கைகளை எடுத்துவிடுங்கள்.