அடுத்தடுத்த இரு பகுதிகளில் எதில் வீடு வாங்குவது?

ஒரு சாலையோ கால்வாயோ ரயில் பாதையோ மட்டும் பிரித்து நிற்கும் இரண்டு பகுதிகளில் எதில் வீடு வாங்குவது என்று முடிவெடுப்பது, இரு வேறு நகரங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதைவிடக் கடினமானது. தட்பவெப்பம், வேலைவாய்ப்பு, பெரிய மருத்துவமனை, கல்லூரி எல்லாம் இரண்டுக்கும் பொது. ஆனாலும் தரகர்கள் அவற்றையே தங்கள் பகுதியின் சிறப்பாகச் சொல்வார்கள். ஆகவே, இரண்டுக்கும் பொதுவான எதையும் கணக்கில் எடுக்காமல், வேறுபடுபவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்வதே முதல் வேலை. பெரும்பாலும் அந்தத் தாள் அரைப் பக்கத்தைத் தாண்டாது.

அதில் முதலில் வருவது விலை. ஒரு பகுதியின் சராசரி விலை பெரிதாக எதையும் சொல்லிவிடாது. நான்கு மாளிகைகள் கைமாறிய ஆண்டில் அது தானாகவே உயர்ந்துவிடும். பரப்பு, கட்டடத்தின் வயது, தளம் ஆகிய மூன்றிலும் ஏறத்தாழ ஒத்திருக்கும் வீடுகளை இரு பக்கமும் எடுத்து, கடந்த ஓராண்டில் அவை உண்மையில் விற்ற விலையை ஒப்பிட வேண்டும். விளம்பரத்தில் இருப்பது விற்பவரின் ஆசை மட்டுமே. கட்டடம் ஆண்டுக்கு ஆண்டு தேய்வதால், நீண்ட காலத்தில் மதிப்பைத் தாங்குவது பெரும்பாலும் நிலம்தான். எனவே அடுக்ககமாக இருந்தால் சதுர அடி விலையோடு நின்றுவிடாமல், அந்த வீட்டுக்கு எவ்வளவு நிலப்பங்கு சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். விலை வித்தியாசத்தைக் கடனில் ஈடுகட்டப் போகிறீர்கள் என்றால் அதன் உண்மையான அளவு இன்னும் பெரிது: 8 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு வாங்கிய கடனை மாதத் தவணையில் அடைத்து முடிக்கும்போது, வாங்கியதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு கட்டியிருப்பீர்கள்.

விலை ஏன் வேறுபடுகிறது என்ற கேள்விக்கும் விடை தேட வேண்டும். நல்ல பள்ளி, ரயில் நிலையம், அகலமான தெருக்கள் என்று காரணம் தெளிவாகத் தெரிந்தால், அது உங்கள் குடும்பத்துக்குப் பயன்படுமா என்று எடைபோடலாம். பள்ளி வயதில் பிள்ளைகள் இல்லாதவர் பள்ளிக்காக உயர்ந்த விலையைக் கொடுப்பது வீண் என்று தோன்றும். ஆனால் நாளை அந்த வீட்டை விற்கும்போது வாங்க வருபவர் பள்ளியைத் தேடி வரலாம் என்பதால், பத்து ஆண்டுகளுக்குள் விற்கும் எண்ணம் உள்ளவர்கள் அதை முற்றிலும் ஒதுக்கிவிடக் கூடாது. காரணமே பிடிபடாமல் ஒரு பகுதி மலிவாக இருந்தால் அவசரப்பட வேண்டாம். உங்கள் கண்ணுக்குப் படாத ஒன்று அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

அது பெரும்பாலும் தண்ணீர்தான். பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளுக்குள் தரைமட்டம் ஓரிரு மீட்டர் வேறுபட்டாலே போதும், மழைநீர் தாழ்ந்த பக்கத்தில் போய்த் தேங்கும். நில உயரம் காட்டும் வரைபடத்தில் இதைப் பார்த்துக்கொள்ளலாம். தெருவில் நடந்தாலும் தடயங்கள் கிடைக்கும். சுற்றுச்சுவரில் ஒரே உயரத்தில் ஓடும் கறை, வாசலில் புதிதாக எழுப்பிய தடுப்பு, மேடையின் மேல் தூக்கி வைத்த மோட்டார், சாலை மேல் சாலை போட்டதால் தெருவைவிடத் தாழ்ந்துபோன பழைய வீடுகள் ஆகியவை தரகர் சொல்லாததைச் சொல்லும். பெருமழை பெய்த மறுநாள் இரு பகுதிகளையும் போய்ப் பார்ப்பதும், தரைத்தளத்தில் குடியிருப்பவர்களிடமும் பழைய கடைக்காரர்களிடமும் விசாரிப்பதும் எந்த அறிக்கையையும்விடப் பயன் தரும். கோடையில் நிலத்தடி நீர் எந்த ஆழத்துக்கு இறங்குகிறது, குழாய் நீர் எத்தனை மணி நேரம் வருகிறது என்பவற்றையும் அப்போதே கேட்டுவிடலாம். சமையலறையை மாற்றிக் கட்டலாம், தரையை மாற்றிப் பதிக்கலாம். பகுதியின் தாழ்வான தரைமட்டத்தை வீடு வாங்குபவரால் மாற்ற முடியாது.

அடுத்து எல்லைக்கோடு. பெயர் பெற்ற பகுதியின் பெயரை அதன் அண்டைத் தெருக்களுக்கும் நீட்டிச் சொல்வது விற்பவர்களின் வழக்கம். வரி, குப்பை அகற்றல், குடிநீர், சில ஊர்களில் பள்ளிச் சேர்க்கை எல்லாம் உள்ளாட்சி எல்லையைப் பொறுத்தே அமைவதால், வீட்டு எண்ணைக் கொண்டு அலுவலகப் பதிவில் சரிபார்ப்பது நல்லது. இன்னொரு எல்லை கால் வைத்தால்தான் தெரியும்: வரைபடத்தில் 300 மீட்டர் தொலைவில் இருக்கும் நிலையம், இடையில் ரயில் பாதையோ கடக்க முடியாத நெடுஞ்சாலையோ இருந்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் சுற்றவைக்கும். நிமிடத்துக்குச் சுமார் 80 மீட்டர் நடக்கலாம் என்று கணக்கிட்டு, முதியவர்களையும் மனதில் வைத்து நேரில் நடந்து பாருங்கள்.

பயண நேரத்தை விடுமுறை நாள் நண்பகலில் அளப்பதில் பொருளில்லை. நீங்கள் வேலைக்குக் கிளம்பும் அதே நேரத்தில் இரு பகுதிகளிலிருந்தும் போய்வர வேண்டும். ஒரு வழிக்குக் கூடுதலாக 15 நிமிடம் என்பது, ஆண்டுக்கு 240 வேலை நாட்கள் என்று கொண்டால், 120 மணி நேரம். இரவு பத்து மணிக்கு மேலும் ஒருமுறை வந்து பார்ப்பது அவசியம். சாலைப் போக்குவரத்தின் இரைச்சல் இரவில் சராசரியாக 45 டெசிபலுக்குக் கீழ் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பாவுக்காக வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. கைப்பேசிச் செயலியின் அளவீடு துல்லியமானதல்ல என்றாலும், ஒரே கைப்பேசியை இரு இடங்களிலும் வெவ்வேறு நாட்களில் அதே மணிக்கு வைத்துப் பார்த்தால் எது அமைதியானது என்பது தெரிந்துவிடும்.

வரப்போகும் மெட்ரோவையும் மேம்பாலத்தையும் காட்டி விலை சொன்னால், நிதி ஒதுக்கி நிலம் கையகப்படுத்தி வேலை தொடங்கிவிட்டதா என்று பாருங்கள். தொடங்கவில்லை என்றால் அதற்குப் பணம் தர வேண்டியதில்லை. பக்கத்து மனை காலியாக இருந்தால், அங்கே எத்தனை மாடி எழுப்ப அனுமதி உண்டு, வணிகக் கட்டடம் வரலாமா என்பதை நகரின் நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு, பகுதியைவிடத் தெருதான் முக்கியம் என்பது பலருக்கும் புலப்படும். மலிவான பகுதியின் நல்ல தெரு, விலையுயர்ந்த பகுதியின் மோசமான தெருவைவிட மேலாக இருப்பது சாதாரணம். அதிலும் எல்லையை ஒட்டி மலிவான பக்கத்தில் இருக்கும் வீடுகளை நான் முதலில் பார்க்கச் சொல்வேன். அண்டைப் பகுதியின் பூங்காவும் கடைவீதியும் அங்கே குடியிருப்பவர்களுக்கும் நடை தூரம்தான். மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்க்கும் முறையில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஐந்து சிறிய வசதிகளின் மதிப்பெண், வெள்ளம் புகும் தெரு என்ற ஒரு பெரிய குறையைக் கூட்டுத்தொகைக்குள் மறைத்துவிடும். அதற்குப் பதிலாக, வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் தாம் விட்டுக்கொடுக்க முடியாத மூன்றைத் தனித்தனியே எழுதி, அவற்றுள் ஒன்றில் தவறும் வீட்டை நீக்கிவிடலாம்.

இதற்குப் பிறகும் இரு பகுதிகளும் சமமாக நின்றால், பகுதியை மறந்துவிட்டு, ஆவணங்கள் தெளிவாக உள்ள, கட்டடம் உறுதியாக உள்ள வீட்டை எடுத்துக்கொள்ளலாம். விலை பேசும்போது, எதிர்ப்பக்கத்தில் அதே அளவுள்ள வீடு என்ன விலைக்குப் போனது என்ற விவரம் கையில் இருக்கட்டும். உங்களுக்கு வேறு இடம் இருக்கிறது என்பது விற்பவருக்குத் தெரிந்தால்தான் அவர் இறங்கி வருவார்.